பதினான்காம் நம்பர் பஸ்ஸில் நூனோ

பாலகுரு வரலாற்றில் எம்.ஏ. படித்தவன் என்ற விஷயம் துபாய் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் முதல் ஆறு மாதம் யாருக்கும் தெரியாது. விசாவில் ஹெல்பர் என்று அடித்திருந்தார்கள். கம்பி கட்டுகிற கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். கொறடும் கட்டுக்கம்பியுமாகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை குனிந்தே இருக்கிற வேலை. அதில் யார் யாரிடம் படிப்பைப் பற்றி விசாரிக்கப் போகிறார்கள்?

ஆவுடையார்கோவில் பக்கத்துக்காரன். ஆசிரியர் வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு நான்கு வருஷம் காத்திருந்தான். அந்த நான்கு வருஷமும் அறந்தாங்கியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்று ஊரார் சான்றிதழ்களை நகல் எடுத்துக் கொடுத்தான். ஒருநாள் தன்னைவிட ஏழு வயது சின்னப் பையன் ஒருவனின் வேலை உத்தரவை நகல் எடுக்க நேர்ந்தது. அன்றைக்கே வீட்டில், "நான் துபாய்க்குப் போறேன்" என்று சொல்லிவிட்டான். 2005-ஆம் வருஷக் கோடை அது.

படிப்பு விஷயம் வெளியே வந்தது ராமையாவால். ராமையா முதுகுளத்தூர்க்காரர், கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற ஷட்டரிங் கார்ப்பெண்டர், வளைகுடாவில் பன்னிரண்டு வருஷ சர்வீஸ். பாலகுருவின் அறையில் கீழ்க்கட்டில்காரர். லேபர் கார்டு புதுப்பிக்க ஆங்கிலத்தில் ஒரு பாரம் நிரப்ப வேண்டியிருந்தபோது, பாலகுரு அதை வாங்கி இரண்டே நிமிஷத்தில் நிரப்பிக் கொடுத்தான்.

"என்னப்பு, எழுத்து முத்து முத்தா இருக்கு? எதுவரைக்கும் படிச்ச?"

"எம்.ஏ.ண்ணே."

"எம்மேயா? எம்மே படிச்சுப்புட்டா கம்பி கட்ட வந்த!"

அன்றிலிருந்து அவன் பெயர் எம்மே ஆகிவிட்டது. பாலகுரு என்று கூப்பிட்டால் அவனே ஒரு கணம் தாமதித்துத்தான் திரும்பினான்.

அவர்கள் வேலை பார்த்த சைட் துபாயின் மறுகோடியில், மரீனாவில் இருந்தது. காலை நாலே முக்காலுக்குச் சோனாப்பூரில் பஸ் ஏறினால் எல்லோரும் தூங்கிக்கொண்டே போய்விடுவார்கள். சாயங்காலம்தான் சிக்கல். ஐந்தரைக்கு ஏறினால் கேம்ப் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகும். சில நாள் அதற்கும் மேலே. பதினான்காம் நம்பர் பஸ்ஸில் ஏசி கிடையாது. கேசட் போடுகிற பெட்டி ஒன்று இருந்தது. அது கடைசியாகப் போட்ட கேசட்டின் நாடாவை மென்று விழுங்கி, அதற்குப் பிறகு வாயைத் திறக்கவே இல்லை. டிரைவர் மீராசா கடையநல்லூர்க்காரர். பொழுதுபோக்காக அவர் போலீஸ்காரர்களையும் லேன் மாறுகிற டாக்ஸிக்காரர்களையும் வைதுகொண்டு வருவார். அதையே எத்தனை நாள் கேட்பது?

2006 பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் முன்னால் எங்கோ விபத்து. ஷேக் ஸாயித் சாலையில் பஸ் அப்படியே நின்றுவிட்டது. அரை மணி நேரம் ஓர் அடி நகரவில்லை. ராமையா பின்னால் திரும்பினார்.

"ஏ எம்மே, சும்மாதான குத்தவச்சிருக்க. ஒரு கதை சொல்லப்பு."

பாலகுருவுக்குக் கூச்சம். ஆனாலும் படித்த படிப்புக்கு முதன்முதலாக ஒரு தேவை வந்திருக்கிறதே என்று, ராஜராஜ சோழனிலிருந்து ஆரம்பித்தான். மூன்று வாக்கியம் போகவில்லை. கும்பகோணத்துக்காரர் ஒருவர், "அது அப்படி இல்ல தம்பி" என்றார். சரியென்று பாரதத்துக்குத் தாவினான். அது இன்னும் மோசம். ஆளுக்கொரு பாரதம் வைத்திருந்தார்கள். கர்ணன் எந்தக் கையால் கவசத்தை அறுத்தான் என்பதில் நாலு சீட் தள்ளி அடிதடி வரும்போல் ஆகிவிட்டது.

யாரும் குறுக்கே வர முடியாத கதை ஒன்று வேண்டும் என்று பாலகுரு யோசித்தான். புதுக்கோட்டைக் கல்லூரி நூலகத்தில் மின்விசிறி சரியாக ஓடிய இடம் ஒன்றே ஒன்று. அது ஐரோப்பிய வரலாறு அலமாரிக்கு நேர் மேலே. அந்தக் காற்றுக்காக உட்கார்ந்து உட்கார்ந்து, ஸ்பெயின் நாட்டைப் பற்றிய ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தை இரண்டு தடவை முழுக்கப் படித்திருந்தான். அதற்கு முன் ஒருவர்கூட அதை இரவல் வாங்கியதில்லை.

"எழுநூத்து முப்பது வருசத்துக்கு முன்னாடி, ஸ்பெயின் தேசத்துல காஸ்தில்னு ஒரு ராஜ்யம்," என்றான். "ராசா பேரு அல்போன்ஸு."

"எங்கூர்லகூட அல்போன்ஸு வாத்தியார்னு ஒருத்தர் இருந்தாரு," என்றார் ராமையா. "ரொம்பப் படிச்ச மனுசன்."

"இவரும் படிச்சவருதான். வானத்து நட்சத்திரத்தயெல்லாம் எழுதி வைக்கச் சொன்னவரு. அவருக்குச் சின்ன வயசுலேருந்து ஒரு கூட்டாளி. நூனோனு பேரு. லாரா குடும்பத்துக்காரரு, பெரிய பிரபு."

அவ்வளவுதான். பஸ் நகர ஆரம்பித்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

ராஜாவுக்குப் பேரரசர் பட்டத்தின் மேல் ஆசை வந்தது. அந்த ஆசைக்கு ஊரெல்லாம் வரி போட்டார். பழைய சட்டங்களை மாற்றினார். பிரபுக்களுக்குப் பொறுக்கவில்லை. ராஜாவின் சொந்தத் தம்பி பிலிப்பே அவர்கள் பக்கம் சேர்ந்தார். நூனோவும் போய்ச் சேர்ந்தார். எங்கள் குறைகள் இவை, இவற்றைத் தீர்த்து வையுங்கள் என்று கேட்டார்கள். பேச்சு முறிந்தது. அந்த நாட்டு வழக்கம் ஒன்று உண்டு. இனிமேல் நான் உன் ஆள் இல்லை என்று ஒரு பிரபு ராஜாவிடம் முறைப்படி சொல்லிவிட்டால், நாட்டைவிட்டுப் போக அவனுக்கு நாள் கொடுக்க வேண்டும். முப்பது நாள், அதற்கு மேல் ஒன்பது நாள், அதற்கும் மேல் மூன்று நாள்.

"நாப்பத்திரண்டு நாளா?" என்று முன்னாலிருந்து மீராசாவின் குரல் வந்தது. "நமக்கு விசா கேன்சல் அடிச்சா முப்பது நாள்தானவே குடுக்கான்!"

பஸ் முழுக்கச் சிரிப்பு. அதற்குப் பிறகு பாலகுரு விளக்கம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. ராஜா என்றால் கஃபீல், விசா கொடுத்து அழைத்த முதலாளி. பிரபு என்றால் விசாவில் வந்தவன். கோபித்துக்கொண்டு கிளம்பிய நூனோ தெற்கே கிரனாடாவுக்கு, ராஜாவுக்கு எதிரியான முஸ்லிம் சுல்தானிடம் போய்ச் சேர்ந்தார் என்றதும், பின்சீட்டிலிருந்து ஒருவர் கேட்டார்: "மொதலாளியோட என்.ஓ.சி. இல்லாமலா?"

"என்.ஓ.சி. என்ன, போற வழியில ராசாவோட ஆட்டையும் மாட்டையும் ஓட்டிக்கிட்டே போனாங்க."

"அப்ப திரும்ப வரவிடாம பேன் அடிச்சிருப்பான்!"

"அடிக்கல. அதுதான் விசேசம். போனவங்க பின்னாடியே தூது மேல தூது. ராசாவே கடுதாசி எழுதுறாரு. 'உனக்கு நான் என்னென்ன செஞ்சேன், நினைச்சுப் பாரு'னு ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா."

ராமையா தொடையில் தட்டினார். "அந்தாளுக்கு இவுக இல்லாம முடியல. நல்ல வேலக்காரன் போயிட்டாத்தானே மொதலாளிக்குத் தெரியும்!"

வேலை நேரத்தில் கம்பியை முறுக்கிக்கொண்டே பாலகுரு மறுநாளுக்கான பகுதியை மனதில் ஓட்டிப் பார்ப்பான். நடந்ததை அவன் மாற்றவில்லை. மறந்துபோன இடத்தைத் தாண்டிப் போனான். ஆனால் பேச்சுகளை அவனே போட்டுக்கொண்டான். ராணி வியோலாந்தே முதல் தடவை சமாதானம் பேசிப் பார்க்கிற கட்டத்தில் அவன் குரலைச் சற்றுத் தாழ்த்திப் பேசியபோது, ஐம்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வகுப்பறையில் நிற்பதாக நான்கு வருஷம் கற்பனை செய்திருந்தவன், ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, உடம்பெல்லாம் சிமெண்ட் தூசியோடு, அந்தச் சந்தோஷத்தை அனுபவித்தான். கேம்ப்புக்கு வந்து குளிக்க வரிசையில் நிற்கும்போதுகூட முகத்தில் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும்.

கிரனாடாவில் கிழச் சுல்தான் குதிரையிலிருந்து விழுந்து இறந்துபோனார். நாற்பது வருஷம் ஆண்டவர். மகன் பட்டத்துக்கு வர வேண்டும். வரவிடாமல் வேறு சிலர் முட்டுக்கட்டை போட்டார்கள். ஊர் இரண்டுபட்ட அந்த நேரத்தில் படையோடு அங்கே நின்றுகொண்டிருந்தது யார்? நூனோவும் அவர் ஆட்களும். மகன் பக்கம் போய் நின்றார்கள். மகன் சுல்தான் ஆனார்.

"இருப்பா, இருப்பா," என்று ராமையா எழுந்தே விட்டார். "வேற கம்பெனியிலேர்ந்து கோவிச்சுக்கிட்டு வந்தவன், இந்தக் கம்பெனிக்கு மேனேஜர் போடுறானா?"

"ஆமாண்ணே."

"ஏயப்பா!"

அந்த வாரம் பன்னிரண்டாம் நம்பர் பஸ்காரர்கள் சிலர் பதினான்கில் வந்து ஏறினார்கள். அடுத்த வாரம் இடம் போடத் தலைப்பாகைத் துண்டுகள் ஜன்னல் வழியாகப் பறந்தன. கேம்ப் வாசலில் வந்து நின்ற பிறகும், கட்டம் முடியாவிட்டால் மீராசா கதவைத் திறக்க மாட்டார். "சுல்தான் என்ன சொன்னாம்னு தெரியாம ஒருத்தனும் எறங்கப்படாது" என்று ஸ்டியரிங் மேல் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. அந்த வருஷம் துபாயில் இரண்டு மூன்று இடங்களில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தியிருந்தார்கள். எல்லாக் கம்பெனிகளும் கலங்கிப்போயிருந்த சமயம். பதினான்காம் நம்பர் பஸ் தினமும் தாமதமாக வருகிறது, கதவை மூடிக்கொண்டு உள்ளே ஏதோ பேசுகிறார்கள் என்று தகவல் மேலே போயிற்று. அரைகுறைத் தமிழ் தெரிந்த ஒரு போர்மேன் இரண்டு நாள் அதே பஸ்ஸில் வந்து, கேட்டதை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

மே மாதம் ஒருநாள் பாலகுருவை ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். நிர்வாக அதிகாரி பத்மநாபன், நாகர்கோவில்காரர். மேசையில் ஒரு தாள் இருந்தது.

"உக்காருடே," என்றார். "நாப்பத்திரண்டு நாள் கெடு குடுத்திருக்கீங்களாமே?"

பாலகுருவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"கோரிக்கைய ஒத்துக்கலேன்னா எல்லாவனும் ஒண்ணா வெளியேறி எதிரி கம்பெனிக்குப் போயிருவீங்களாம். மேனேஜர மாத்துவீங்களாம். தலைவன் பேரு நூனோ. எவன்டே அந்த நூனோ? நாலு கேம்ப் ரெஜிஸ்டரயும் பொரட்டியாச்சு. அல்கூஸ் கேம்ப்புல நூனெஸ்னு ஒரு கோவாக்காரன், எலக்ட்ரீசியன். அவனக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் வெசாரிச்சிருக்கோம். பாவம், அழுதுட்டான்."

சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியாமல் பாலகுரு உட்கார்ந்திருந்தான். கேன்சல் அடித்து அனுப்பிவிட்டால் ஊரில் எந்த முகத்தோடு போய் நிற்பது?

"சார், நூனோ செத்து எழுநூறு வருசம் ஆச்சு சார்."

"என்னது?"

"கதை சார். வரலாறு. நான் எம்.ஏ. ஹிஸ்டரி சார்."

பத்மநாபன் நம்பவில்லை. "சொல்லு பாப்போம்" என்றார். பாலகுரு அல்போன்ஸிலிருந்து ஆரம்பித்தான். முதலில் குரல் நடுங்கிற்று. நூனோ நாட்டைவிட்டுக் கிளம்புகிற இடம் வந்தபோது நடுக்கம் போய்விட்டது. கிழச் சுல்தான் குதிரையிலிருந்து விழுந்தபோது பத்மநாபன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டிருந்தார். இளைய சுல்தான் அரியணை ஏறினார்.

"பொறவு?" என்றார் பத்மநாபன்.

அந்த நேரம் பார்த்து ஜெனரல் மேனேஜரிடமிருந்து போன். பத்மநாபன் எழுந்து நின்று பேசினார். "யெஸ் சார். நோ சார். ஒன்லி ஸ்டோரி சார்" என்று மூன்று தடவை சொன்னார். ஜெனரல் மேனேஜருக்கு ஸ்டோரி புரியவில்லை. ஆளை அந்த பஸ்ஸிலிருந்து அப்புறப்படுத்து என்பது மட்டும் உத்தரவு.

பத்மநாபன் போனை வைத்துவிட்டு அவனைப் பார்த்தார். "உன்ன அனுப்பச் சொல்லலே, மாத்தச் சொல்லுகான். அல் ஐன் சைட்டுல ஸ்டோருக்கு ஓராளு வேணும். இங்கிலீஷ் எழுதுவே இல்லா? கம்பி கட்ட வேண்டாம். சம்மதமா?"

பாலகுரு தலையாட்டினான். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை சிமெண்ட் இறங்கியது மாதிரி இருந்தது. வெளியே வந்து ராமையாவிடம் சொன்னபோது அவர் முதலில் வருத்தப்பட்டார். ஒரு நிமிஷம் கழித்து முகம் மலர்ந்துவிட்டது.

"இவனையும் நாடு கடத்திப்புட்டாய்ங்கப்பா! எம்மே கிரனாடாவுக்குப் போறான்!"

அல் ஐன் துபாயிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். பாலைவனத்தைத் தாண்டிப் போனால் திடீரென்று பச்சை. பேரீச்சந் தோப்புகளுக்கு நடுவே சின்னச் சின்னக் கால்வாய்களில் தண்ணீர் ஓடிற்று. கிரனாடா அரண்மனையில் ஓடுகிற நீர்க்கால்வாய்களைப் பற்றித் தான் பஸ்ஸில் அளந்துவிட்டதெல்லாம் பாலகுருவுக்கு நினைவு வந்தது. தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தான். ஸ்டோர் வேலை பிடித்துப்போயிற்று. ஆணி, பெயிண்ட், ஹெல்மெட் எல்லாம் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுகிற அளவுக்குத் தேறினான். ஆனால் சாயங்காலம் ஆனால் பேச ஆளில்லை. ஸ்டோரில் அவனோடு இருந்த பெஷாவர் பட்டான், தங்கமான மனிதர். ஆனால் "அச்சா பாய்", "கலாஸ் பாய்" என்ற இரண்டு வார்த்தைகளுக்கு மேல் அவரிடமிருந்து வராது.

துபாயில் பதினான்காம் நம்பர் பஸ் அல்லாடிக்கொண்டிருந்தது. நூனோ கிரனாடாவில் நிற்கிறார், அதற்கு மேல் என்ன ஆயிற்று என்று ஒருவருக்கும் தெரியாது. ஜூன் மாதம் ராமையா புது போன் வாங்கினார். ஸ்பீக்கர் வசதி உள்ளது. ஓடுகிற பஸ்ஸின் நடுவில் அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "ம், இப்ப சொல்லு எம்மே!" என்று கத்தினார்.

பாலகுரு அல் ஐனிலிருந்து கத்தினான். "ராணி கோர்தோபாவுக்கு வந்தாங்க!"

"யாருக்கு வாந்தி?"

"ராணிண்ணே! ராணி!"

"ஏலேய், கண்ணாடிய ஏத்துங்கய்யா, ஒண்ணும் விளங்கல! ராணிக்கு வாந்தியாம்ல!"

நாலு நாள் முயற்சி செய்தார்கள். ராணி கர்ப்பமா இல்லையா என்று பஸ்ஸில் இரண்டு கட்சி உண்டானதுதான் மிச்சம். நேரில் கேட்டால் ஒழிய ஆகாது என்று தீர்மானித்துவிட்டார்கள்.

அக்டோபரில் நோன்புப் பெருநாள் வந்தது. விடுமுறையில் வெளியே போய்வரக் கேம்ப் பஸ்களைக் கொடுப்பது வழக்கம். மற்ற பஸ்கள் கடற்கரைக்கும் கடைவீதிக்கும் எழுதிப் போட்டன. மீராசா, "அல் ஐன், முபஸ்ஸரா பூங்கா" என்று எழுதிக் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் 'இயற்கை அழகு' என்று போட்டார்.

பெருநாளின் இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு, பாலகுருவின் கேம்ப் வாசலில் ஹார்ன் விடாமல் அலறியது. வெளியே வந்து பார்த்தான். நாற்பத்தாறு பேர். எல்லோரும் வெள்ளைச் சட்டை, சிலர் வேட்டி. மீராசா புதுத் தொப்பியோடு டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். பின்னால் இரண்டு பெரிய டேக்சா பிரியாணி, அவரே ஆக்கியது.

"ஏறும்வே," என்றார் மீராசா. "அஞ்சு மாசமா எங்கள அந்தரத்துல வுட்டுட்டு இங்க பேரீச்சம்பழமா தின்னுட்டிருக்கீரு?"

ராமையா இறங்கி வந்து அவனைக் கட்டிப் பிடித்துத் தூக்கியே விட்டார்.

ஹபீத் மலை அடிவாரத்தில், முபஸ்ஸரா புல்வெளியில் பாய் விரித்தார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் கதையா, பின்னால் கதையா என்று ஓட்டெடுத்ததில் கதைக்கே பெரும்பான்மை. பாலகுரு எழுந்து நின்றான். நின்ற பிறகுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. கதையின் முடிவு அவனுக்குத் தெரியும். அது பெருநாள் அன்று சொல்லுகிற முடிவு அல்ல. நினைத்தால் மாற்றிவிடலாம். இந்த நாற்பத்தாறு பேரில் யார் கேட்கப் போகிறார்கள்?

முதலில் நல்ல பகுதியைச் சொன்னான். ராணி பேசினார், பட்டத்து இளவரசர் பேசினார், நூனோவும் மற்றவர்களும் கேட்டதில் பெரும்பகுதி கிடைத்தது. திரும்பி வந்தார்கள். தனியாக அல்ல, கிரனாடாவின் இளைய சுல்தானையே உடன் அழைத்துக்கொண்டு செவில் நகரத்துக்கு வந்தார்கள். அல்போன்ஸ் ராஜா எதிர்கொண்டு அழைத்தார். சுல்தானுக்குத் தன் கையாலேயே வீரப்பட்டம் சூட்டினார். எதிரிகளாக இருந்தவர்கள் ஒரே பந்தலில் உட்கார்ந்தார்கள். நூனோ பழைய இடத்துக்கே வந்தார்.

கைதட்டல் மலையில் எதிரொலித்தது. மீராசா, "அல்ஹம்துலில்லாஹ்!" என்று எழுந்து டேக்சாவைத் திறக்கப் போனார். பக்கத்துப் பாயில் இருந்த பாகிஸ்தானிக் குடும்பம்கூடச் சேர்ந்து கைதட்டிற்று.

ராமையா மட்டும் கைதட்டாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்புட்டுத்தானா எம்மே?"

பாலகுரு குனிந்து பாயின் சுருக்கத்தை நீவினான்.

"இல்ல, கேக்குறேன். அந்தாளு திரும்பி வந்தாரு, சரி. அவரு போட்ட சுல்தானும் இவரு ராசாவும் கடேசிவரைக்கும் ஒத்துமையா இருந்தாகளா?"

இந்த மனிதர்கள் ஒரு விடுமுறை நாளைக் கொடுத்து, வெயிலில் பாலைவனம் தாண்டி வந்திருக்கிறார்கள். அவர்களிடம் பாதியை மறைப்பது பாலகுருவுக்குச் சரியாகப் படவில்லை.

"இல்லண்ணே," என்றான். "இன்னும் இருக்கு."

மீராசா டேக்சா மூடியைத் திரும்ப வைத்தார். எல்லோரும் மறுபடி உட்கார்ந்தார்கள்.

"ரெண்டு வருசம் கழிச்சு மறுபடி சண்டை வந்துருச்சு. ராசா நூனோவ எல்லையக் காக்கப் போட்டிருந்தாரு. கிரனாடா சுல்தான் கடலுக்கு அந்தப் பக்கம் மொராக்கோவுலேருந்து பெரிய படையக் கூப்பிட்டாரு. எசிகாங்கிற ஊருக்கிட்ட நூனோ கொஞ்ச ஆளுகளோட எதுத்து நின்னாரு. செத்துட்டாரு."

பின்வரிசையில் இருந்தவர்கள் முன்னால் நகர்ந்து வந்தார்கள்.

"மொராக்கோக்காரங்க அவரு தலைய வெட்டி, வெற்றிப் பரிசா சுல்தானுக்கு அனுப்புனாங்க. அதப் பாத்ததும் சுல்தான் ரெண்டு கையாலயும் கண்ணப் பொத்திக்கிட்டாராம். 'உன்கிட்ட இதுக்கா நான் கடன்பட்டிருந்தேன், கூட்டாளி'ங்கிற மாதிரி என்னமோ சொன்னாராம். அப்புறம் அந்தத் தலைய கஸ்தூரியும் கற்பூரமும் போட்டு, மரியாதையா கோர்தோபாவுக்கு அனுப்பி வச்சாரு. அடக்கம் பண்ணச் சொல்லி. புத்தகத்துல அப்புடித்தான் எழுதிருந்துச்சு."

ராமையா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கஸ்தூரி போட்டு அனுப்புனாரா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாண்ணே."

"அப்ப சரி. செஞ்சத மறக்கல."

"மறக்காதவம் ஏன்வே படையக் கூப்புட்டாம்?" என்று மீராசா பொங்கிவிட்டார். "அப்பமே ரோசன வேண்டாமா?"

"அவருக்கு அவரு நாடு. இவருக்கு இவரு ராசா. ரெண்டு பேருமே என்ன செய்ய முடியும், பாய்?" என்றார் ராமையா.

"செய்யலாம்! ஒரு கடுதாசி போட்டிருக்கலாம்!"

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. நூனோ முதலிலேயே அல்போன்ஸை விட்டுப் போயிருக்கக் கூடாது என்றார்கள் சிலர். போனவர் திரும்பி வந்திருக்கவே கூடாது, கிரனாடாவிலேயே செட்டில் ஆகியிருக்கலாம் என்றார்கள் சிலர். வரி போட்ட ராஜாதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றது ஒரு கோஷ்டி. பிரியாணி பரிமாறும்போதும் சண்டை நிற்கவில்லை. ஒருவர் கோழிக்காலை ஆட்டி ஆட்டிச் சுல்தானுக்காக வாதாடினார். பாலகுரு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே இரண்டு பக்கமும் பார்த்தான். இத்தனை நாளில் இவ்வளவு ருசியாக அவன் எதையும் சாப்பிட்டதில்லை. முடிவைச் சொல்லிக் கெடுத்துவிட்டோமோ என்ற பயம் இரண்டாம் தடவை சோறு வாங்கும்போது முழுக்கப் போய்விட்டது. பஸ் சோனாப்பூர் சேரும்வரை அந்த விவாதம் ஓயவில்லை என்று மறுநாள் மீராசா போனில் சொன்னார்.

2007 பிப்ரவரியில் பத்மநாபன் அல் ஐன் ஸ்டோரைப் பார்க்க வந்தார். எதையெடுத்தாலும் அதனதன் இடத்தில் இருந்தது. திருப்தியோடு ஒரு சுலைமானி டீ குடித்தார்.

"நீ அன்னைக்குப் பாதியில வுட்ட கதைய பயலுவ எங்கிட்ட முழுசாச் சொல்லிட்டானுவ," என்றார். "ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு மாதிரி சொல்லுகான். கிடக்கட்டும். மரீனா சைட்டுல ஸ்டோர்கீப்பர் ஊருக்குப் போறான். ஜெனரல் மேனேஜரும் மாறியாச்சு. நீ வாறியா?"

அறந்தாங்கி ஜெராக்ஸ் கடையில் நின்ற பழைய பாலகுருவாக இருந்தால், "சரிங்க சார்" என்று உடனே சொல்லியிருப்பான். இவன் கொஞ்சம் யோசித்தான்.

"மூணு விசயம் சார். விசாவுல ஹெல்பர்னு இருக்கறத ஸ்டோர்கீப்பர்னு மாத்தணும். பழைய ரூம்லயே இடம் வேணும். சாயங்காலம் நான் பதினாலாம் நம்பர் பஸ்லதான் வருவேன்."

"ஸ்டோர்கீப்பருக்கு ஸ்டாஃப் வேன் உண்டு. ஏசி வண்டி. கிறுக்கா உனக்கு?"

"காலையில வேன்ல போறேன் சார். சாயங்காலம் பஸ்."

பத்மநாபன் அவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சத்தமாகச் சிரித்து, "லெட்டர் அடிக்கச் சொல்லுகேன்" என்று எழுந்தார்.

மார்ச் முதல் வெள்ளிக்கிழமை பாலகுரு பெட்டியோடு சோனாப்பூரில் வந்து இறங்கினான். அறையில் அவனுடைய பழைய மேல்கட்டிலில் யாரோ ஒரு புது ஆள் இருந்தான். காலியாக இருந்தது மூலையில் வேறொரு மேல்கட்டில்தான். ராமையா தன் கீழ்க்கட்டிலைக் காலி செய்து, படுக்கையை உதறி விரித்து வைத்திருந்தார். ஸ்டோர்கீப்பர் மேலே ஏறிப் படுப்பது கம்பெனிக்கே அசிங்கம் என்பது அவர் வாதம். முட்டி வலியோடு நீங்கள் ஏணி ஏறுவது எனக்கு அசிங்கம் என்றான் பாலகுரு. அரை மணி நேரம் பேசியும் தீரவில்லை. மீராசாவைக் கூப்பிட்டார்கள். அவர் இரண்டு தரப்பையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு தன் அறையில் சும்மா கிடந்த ஓர் இரும்புக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து ஜன்னல் ஓரம் போட்டுவிட்டு, டீ எங்கே என்று கேட்டார்.